சித்தி பார்த்த புள்ளிகள்

சித்தி ஆலையின் ஓடும் பெல்ட்டை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. போன தூரம் முப்பத்திரண்டு படிகள்தான். கீழ்த்தளத்தில் பதினெட்டு வருடம் நின்ற இடத்திலிருந்து, மாடியில் புதிதாக வெள்ளையடித்த ஓர் அறைக்கு. ஆனாலும் லைனில் நின்ற பெண்கள் கையுறைகளைக் கழற்றிவிட்டு, கப்பலேறப் போகிறவளை வழியனுப்புவது போல அவளைச் சூழ்ந்து நின்றார்கள்.

"மேல போனதும் எங்களை மறந்துடாதே, கழுகு" என்றாள் பக்கத்து இடத்தில் நிற்கும் ஒல்லியான அக்கா. அவளுக்கு அங்கே ஊசி என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மறக்கறதாவது! மேலேருந்து பாத்தா உன் நரைமுடிதான் முதல்ல கண்ணுல படும்" என்றாள் சித்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

அது உடைந்த கண்ணாடி வந்து சேரும் இடம். லாரிகள் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போகும். கழுவி, நொறுக்கி, அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தகரத் தட்டில் விடுவார்கள். அதிலிருந்து துண்டுகள் குதித்துக் குதித்துக் கறுப்பு பெல்ட்டுக்கு வரும். பெல்ட்டின் இருபுறமும் எட்டுப் பெண்கள். பாட்டில் கண்ணாடி போகலாம். உலையில் உருகி மறுபடி பாட்டிலாகும். கல்லும் பீங்கானும் போகக்கூடாது. எல்லாவற்றையும்விடப் போகக்கூடாதது, அவர்கள் பேச்சில், அடுப்புக் கண்ணாடி. தீயில் வைத்தாலும் வெடிக்காத பாத்திரங்கள், கெட்டில்கள், குடுவைகள் உடைந்த துண்டுகள். அது உலையின் சூட்டுக்கு மசியாது. கடுகளவு தப்பிப் போனாலும் புதுப் பாட்டிலின் உடம்பில் உருகாத பருக்கையாக உட்கார்ந்துகொள்ளும். பாட்டில் அந்த இடத்தில் விரியும். சிக்கல் என்னவென்றால், பாட்டில் கண்ணாடியும் அடுப்புக் கண்ணாடியும் பார்ப்பதற்கு அச்சாக ஒரே மாதிரி இருக்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் குழப்பும். பெல்ட்டில் ஓடும்போது சொல்லவே வேண்டாம்.

மற்றவர்கள் பாதியைப் பிடிப்பார்கள். சித்தி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிடிப்பாள். அதனால்தான் கழுகு. அதிலும் ஒரு வேடிக்கை, அவள் பெல்ட்டைப் பார்க்கவே மாட்டாள். எதிர்ச் சுவரில் இருக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கை மட்டும் கீழே போய், துண்டை எடுத்து, பின்னால் இருக்கும் வாளியில் போடும். திமிர் என்று சிலர் சொல்வார்கள். பழக்கம் என்று சிலர். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவளுடைய பதில் ஒன்றுதான்: "தெரியுது, அவ்வளவுதான். உனக்குப் பசிக்குதுன்னு எப்படித் தெரியுது?"

அந்த மாதம்தான் நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். ஆறு வருடம். கப்பல் சமையலறை, பழத்தோட்டம், ஓட்டல் சலவை அறை என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, அலுத்ததும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிக்கொண்டு. அம்மா வீட்டில் இருந்தால் தினமும் கேள்வி வரும் என்று சித்தி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்திருந்தேன். சித்தப்பா இறந்த பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "கம்பெனியில மிஷின் வருதாம். கேமராவும் மூளையும் வெச்ச மிஷின். அதுக்கு நான் பாடம் எடுக்கணுமாம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னு சொன்னேன், கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. நீ சும்மாதானே இருக்கே?"

சும்மாதான் இருந்தேன்.

மாடி அறையில் ஒரு மேசை, ஒரு திரை, நான்கு நிறத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிய ஒரு விசைப்பலகை. பச்சை என்றால் பாட்டில். சிவப்பு, அடுப்புக் கண்ணாடி. வெள்ளை, பீங்கான். கறுப்பு, கல். திரையில் ஒரு துண்டின் படம் வரும். அது என்னவோ அந்த விசையை அமுக்கினால் அடுத்த படம் வரும். இப்படி இருபதாயிரம் படம். விளக்கிச் சொன்னவள் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பொறியாளர். லைன் பெண்கள் அவளைப் பார்த்த மறுநிமிடமே கேமராக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் சித்தி மிகவும் மெதுவாக இருந்தாள். திரையை விட்டு ஜன்னல் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, திரை இங்க இருக்கு."

"தெரியும்டி. உன்னை வழிகாட்டவா கூப்பிட்டேன்?"

இரண்டாம் நாள் தலைவலி என்றாள். மூன்றாம் நாள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். உங்க அம்மா காதுக்குப் போச்சு, அப்புறம் உனக்குச் சித்தியே இல்லைன்னு நினைச்சுக்கோ."

"சரி."

"இப்போ உன் மூஞ்சியைப் பாக்கறேன். மூக்கு, வாய் இருக்கற இடத்துல ஒரு சாம்பல் கறை. காது ரெண்டும் பளிச்சுனு இருக்கு. தோடு ஒண்ணு திருகி இருக்கு பாரு, சரி பண்ணிக்கோ."

தொட்டுப் பார்த்தேன். திருகித்தான் இருந்தது.

ஆறு வருடமாக அப்படித்தானாம். விழித்திரையின் நடுவில் இருக்கும் செல்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிட்டன. ஓரம் அப்படியே இருக்கிறது. இதற்கு மருந்து இல்லை, ஓரத்தை வைத்துக் காலத்தை ஓட்டுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸின் எண் தெரியாது. நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் கேட்டுக்கொள்வாள். ஆட்களை நடையை வைத்துக் கண்டுபிடிப்பாள். கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை உண்டு. எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி வாசிக்கச் சொல்வார்கள்.

"அதுல எப்படிப் பாஸானீங்க?"

"அதே அட்டைதானே பதினெட்டு வருஷமா? கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். போன வருஷம் அட்டையைத் தலைகீழா மாட்டிட்டான் அந்தப் பையன். நான் நேராவே படிச்சேன். அவனும் பாஸ் போட்டுட்டான்."

சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே சொன்னாள்:

"வெளியில எல்லா இடத்துலயும் நான் பாதிக் குருடி. அந்த பெல்ட் முன்னாடி நிக்கும்போது மட்டும் எனக்கு எல்லாரையும்விட நல்லாத் தெரியும். அதை எடுத்துட்டா நான் என்னடி பண்ணுவேன்? வீட்டுல உக்காந்து சுவத்தைத் தடவிக்கிட்டு இருக்கணுமா? இது தெரிஞ்சா மறுநாள் என்னை நிக்க விட மாட்டாங்க. கண்ணாடி வேலை."

"பெல்ட்டுல தெரியறது இதுல ஏன் தெரியலை?"

"இது செத்துக் கிடக்கு. அசையவே மாட்டேங்குது. அசைஞ்சாத்தானே தெரியும்?"

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நான் படத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் விசையை அமுக்குவாள். கேமராக்காரி எட்டிப் பார்த்தால் சித்தி திரைக்கு அருகில் குனிந்து, "ம்ம்... சிவப்பு" என்று எனக்குப் பாடம் சொல்வது போல நடிப்பாள். கல்லும் பீங்கானும் எனக்கே தெரிந்தன. ஆனால் கண்ணாடி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் உடைக்க மட்டும்தான். தீயில் வைக்கும் பாத்திரம் என்றால் தடிமனாகத்தானே இருக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். தடித்த துண்டெல்லாம் சிவப்பு. மெல்லியதெல்லாம் பச்சை. பத்தொன்பது நாளில் இருபதாயிரம் படம் முடிந்தது. கழுகின் பெயரில்.

இடையில் ஒரு நாள் தேநீர் நேரத்தில் சித்தி கேமராக்காரியைக் கேட்டாள்: "ஏம்மா, அதுக்குள்ள நெஜமாவே மூளை இருக்கா?"

"மூளை மாதிரி, அக்கா. நம்ம தலைக்குள்ள நரம்புச் செல் இருக்கு இல்லையா, அதைப் பாத்துக் கத்துக்கிட்டு செஞ்சது, நரம்பு வலைன்னு பேரு. கூட்டமான பஸ்ஸுல நிக்கறீங்க. பின்னாடி ஒருத்தர் லேசாத் தள்ளினா என்ன பண்ணுவீங்க?"

"முறைப்பேன்."

"ஆனா நகர மாட்டீங்க. நாலு பேர் சேர்ந்து தள்ளினா? முன்னாடி இருக்கறவங்க மேல விழுவீங்க. அவங்க அடுத்தவங்க மேல. ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். தனக்கு வர்ற தள்ளுகள் ஒரு அளவைத் தாண்டினா அடுத்ததைத் தள்ளும், இல்லைன்னா பேசாம இருக்கும். கடைசியில படிக்கட்டுல நாலு பேர் நிக்கறாங்க, பச்சை, சிவப்பு, வெள்ளை, கறுப்பு. யார் கீழ விழறாங்களோ அதுதான் பதில்."

"தப்பான ஆள் விழுந்தா?"

"நீங்க அமுக்கின விசையோட ஒத்துப் பாக்கும். தப்புன்னா, தப்பா தள்ளினவங்க பேச்சை அடுத்த தடவை கொஞ்சம் குறைச்சுக் கேக்கும். சரியாத் தள்ளினவங்களைக் கொஞ்சம் கூட்டிக் கேக்கும். லட்சம் தடவை இப்படி. அதுக்கு மேல அதுக்கு எதுவும் தெரியாது. நீங்க சொன்னது மட்டும்தான் அதோட உலகம்."

"அப்போ என் தலைக்குள்ள கூட்டமான பஸ்ஸு ஓடுதுங்கறே" என்றாள் சித்தி. "அதான் காலையில இருந்து இரைச்சல்."

நான் சிரிக்கவில்லை. நீங்கள் சொன்னது மட்டும்தான் அதன் உலகம் என்றால், அங்கே சொன்னதெல்லாம் நான்தான்.

சோதனை நாள் அன்று மொத்தக் கம்பெனியும் கீழ்த்தளத்தில் கூடியது. பெல்ட்டின் மேலே கேமரா. முனையில் வரிசையாகக் காற்றுக் குழல்கள். வேண்டாத துண்டு என்று வலை முடிவு செய்தால் குழல் ஒரு மூச்சு ஊதும். துண்டு எகிறிப் பக்கத்துத் தொட்டியில் விழும். சூப்பர்வைசர் பெல்ட்டை ஓடவிட்டார். எதைக் கேட்டாலும் பத்து நிமிஷம் என்று சொல்வதால் அவருக்குப் பத்து நிமிஷம் என்றே பெயர்.

முதல் ஐந்து நொடி எல்லாம் ஒழுங்காகப் போனது. கல் எகிறியது, பீங்கான் எகிறியது, பெண்கள் கைதட்டினார்கள். பிறகு ஒரு பாட்டிலின் அடிப்பாகம் எகிறியது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் தவளைக் கூட்டம் போல அத்தனை பாட்டில் அடிகளும் குதித்துக் குதித்துத் தொட்டியில் விழுந்தன. வெந்நீர்க் குடுவையின் மெல்லிய துண்டுகள், உண்மையான அடுப்புக் கண்ணாடி, ராஜநடை போட்டுக்கொண்டு உலைப் பெட்டிக்குள் போயின.

"இது கழுகு சொல்லிக்கொடுத்த பாடமா?" என்றாள் ஊசி. "நல்லவேளை, எனக்குச் சொல்லிக்கொடுக்கலை."

பெல்ட்டை நிறுத்தினார் பத்து நிமிஷம். கேமராக்காரி மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

"வலை தப்புப் பண்ணலை சார். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்யுது. தடிமனா இருந்தா அடுப்புக் கண்ணாடின்னு சொல்லியிருக்காங்க. அங்கொண்ணு இங்கொண்ணு இல்லை, ஆறாயிரம் படம். கை தவறி அமுக்கினதா இருந்தா இப்படி ஒரே சீரா இருக்காது. ஒருத்தர் நெஜமாவே அப்படி நம்பியிருக்காங்க."

நம்பியது நான்தான். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கணக்கு, நானே பாதி மறந்துவிட்ட ஒரு அசட்டு எண்ணம். அதை அந்த வலை என் குரலிலிருந்து, சித்தியின் விரல் வழியாக, ஒரு சொட்டு சிந்தாமல் வடித்தெடுத்து வைத்திருந்தது. என்னைப் பெற்றவளுக்குக்கூட என்னை இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. எரிமலையைப் பார்த்திருக்கிறேன், நடுக்கடலில் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். அவை எதுவும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனால் பத்து நிமிஷம் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். "பதினெட்டு வருஷம் இந்த வேலை செஞ்சவங்களுக்குத் தெரியாதா? மிஷின் வந்தா தன் இடம் போயிடும்னு வேணும்னே தப்புத் தப்பா அமுக்கியிருக்காங்க. என்னம்மா, சரிதானே? இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

வேலையைக் கெடுத்தவள் என்று வெளியே அனுப்புவார்கள். இல்லையென்றால் கண் தெரியாதவள் என்று அனுப்புவார்கள். இரண்டில் எது என்பதை மட்டும் அவள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் வாயைத் திறந்தேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"சார், பெல்ட்டைப் போடுங்க" என்றாள். "கெடுக்கறவளா இல்லையான்னு அப்புறம் பேசலாம்."

அந்த ஆலையில் ஆட்களைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. ஐம்பது அடுப்புக் கண்ணாடித் துண்டுகளில், ஊதா விளக்கடியில் மட்டும் தெரியும் மையால் புள்ளி வைத்துக் குவியலில் கலந்துவிடுவார்கள். கடைசியில் வாளியை விளக்கடியில் பிடித்து எண்ணுவார்கள். அன்றும் கலந்தார்கள். சித்தி கையுறை போட்டுக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். கண்ணை மின்விசிறியில் வைத்தாள். பெல்ட் ஓடியது.

நான் அவள் வேலை செய்வதை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்தது அன்றுதான். அந்தக் கைக்குத் தயக்கமே இல்லை. மினுங்கும் நூற்றுக்கணக்கான சில்லுகளின் ஓட்டத்துக்குள், தண்ணீரில் மீன்கொத்தி இறங்குவது போல விரல்கள் இறங்கின, எழுந்தன. வாளியை விளக்கடியில் கொட்டி எண்ணினார்கள். நாற்பத்தெட்டு.

எல்லோரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேமராக்காரி மட்டும் சித்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு நடுவுல தெரியலையா?"

பெல்ட் நின்றுவிட்டிருந்தது. அவள் தணிந்து கேட்டதுகூட அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. சித்தி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"தெரியலை. ஆறு வருஷமா. படத்துக்கெல்லாம் பதில் சொன்னது என் அக்கா பொண்ணு. அவளைக் குத்தம் சொல்லாதீங்க, நான்தான் சொல்ல வெச்சேன்."

பத்து நிமிஷம் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் உண்மையாகவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் கேமராக்காரி மாடிக்கு ஓடிப்போய், ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு மூச்சு வாங்க வந்தாள். அதற்குள் தீப்பெட்டி அளவுக்கு வேறொரு கேமரா.

"சார், இது படம் எடுக்காது. இதுல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் நம்ம விழித்திரை செல் மாதிரி. எதிர்ல எதுவும் மாறலைன்னா வாயே திறக்காது. ஏதாவது அசைஞ்சா, வெளிச்சம் மாறினா, அந்த நொடியில மட்டும் ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பிலேயே கத்துக்கற வலையும் எங்கிட்ட இருக்கு. ஆனா இத்தனை நாளா சும்மாக் கிடக்குது. இது காட்டறதைப் பாத்து எது கண்ணாடி, எது கல்லுன்னு சொல்ல ஒரு மனுஷர் கிடைக்கலை."

அதைத் தகரத் தட்டு பெல்ட்டில் சேரும் இடத்துக்கு மேலே ஒரு கொக்கியில் மாட்டி, பெரிய திரையை இழுத்து வந்து வைத்து, பெல்ட்டைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. அவ்வளவுதான். தூறல் மாதிரி, தேனீக்கூட்டம் மாதிரி. எங்கே ஒரு துண்டு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "டிவி கெட்டுப்போனா இப்படித்தான் வரும்" என்றாள் ஊசி.

சித்தியை அழைத்துத் திரைக்கு எதிரே நிறுத்தினார்கள். அவள் முகத்தைத் திரையிலிருந்து கொஞ்சம் திருப்பி, கூரையின் மூலையைப் பார்த்தாள். மூன்று நொடி இருக்கும்.

"அடியம்மா" என்றாள்.

"என்ன சித்தி?"

"நான் பாக்கறது இதுதான்டி. இப்படித்தான் எனக்குத் தெரியும். இதை எங்கேருந்து எடுத்தீங்க?" பிறகு விரலை நீட்டினாள். "இதோ, இது அடுப்பு. இது பாட்டில். பாட்டில். பாட்டில். இது கல்லு, எப்படி உருண்டு படுக்குது பாரு. இதோ இன்னொரு அடுப்பு. மத்ததைவிடக் கொஞ்சம் மேல துள்ளிட்டு, கொஞ்சம் லேட்டா இறங்குது, தெரியலை?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பதினான்கு பேர், இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும் பதினான்கு பேர், தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெல்ட்டின் முனையில் ஓர் ஆளை நிறுத்தி அவள் சொன்னதை எடுத்துச் சரிபார்த்தார்கள். அவள் சொன்னது சரி. மறுபடி சரி. கேமராக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புக் கண்ணாடி அதே அளவு பாட்டில் கண்ணாடியைவிடச் சற்று எடை குறைவு, அதிரும் தட்டில் அது ஒரு மயிரிழை கூடுதலாகத் துள்ளத்தான் வேண்டும் என்று அவள் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினாள். சித்தியின் கண் ஓரத்தில் மீந்திருந்த செல்கள் அந்த மயிரிழையைத்தான் ஆறு வருடமாகத் தள்ளித் தள்ளிப் படிக்கட்டு வரை கொண்டுவந்திருக்கின்றன. அவளுக்கே தெரியாமல்.

அடுத்த மூன்று வாரம் சித்தி மாடி அறையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நடிப்பு இல்லை, நான் வாயைத் திறக்கவில்லை. புள்ளிகள் ஓட, கூரையைப் பார்த்தபடி அவளே அமுக்கினாள். கேமராக்காரி ஒவ்வொரு மாலையும் வலையை ஓடவிட்டுப் பார்ப்பாள். முதல் வாரம் பத்தில் ஆறு. இரண்டாம் வாரம் எட்டு. மூன்றாம் வார முடிவில் மை வைத்த ஐம்பதில் நாற்பத்தேழைப் பிடித்தது.

"என்னைவிட ஒண்ணு கம்மி" என்றாள் சித்தி. குரலில் பெருமை இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அன்று மாலை சூப்பர்வைசர் மாடிக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காராமல் நின்றார்.

"அம்மா, நீங்க கெடுக்கலைன்னு எழுதி அனுப்பிட்டேன். ஆனா கண்ணு விஷயத்தை மறைச்சு எழுத முடியாது. இனிமே பெல்ட்டுல கண்ணாடிக்குப் பக்கத்துல உங்களை நிறுத்தினா, நாளைக்குக் கையில ஒண்ணு ஆச்சுன்னா... மேலிடத்துல முடிவு சொல்ற வரைக்கும் வீட்டுல இருங்க."

"எவ்வளவு நாள் சார்?"

அவர் வாயில் வழக்கமான பதில் வந்து நின்றதைப் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, "தெரியலைம்மா" என்றார்.

வீட்டில் முதல் மாதம் சித்தி நன்றாகத்தான் இருந்தாள். மாலையில் மூன்றாம் மாடி பால்கனியில் நின்று தெருவைப் பார்ப்பாள். அதாவது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி தெருவைக் கவனிப்பாள். "மருந்துக்கடைக்காரர் இன்னைக்கு இடது காலைத் தாங்கி நடக்கறார்." "அந்தச் சைக்கிள்ல பின்சக்கரம் ஆடுது, சொல்லு அவன்கிட்ட." சொன்னால் அப்படியே இருக்கும். நான் கூடவே நின்று கேட்டேன். எனக்குத் தெருவில் ஆட்கள் மட்டும்தான் தெரிந்தார்கள்.

மூன்றாம் மாதம் அவள் சொல்வது குறைந்தது. ஐந்தாம் மாதம் பால்கனிக்கு வருவதே நின்றது. கூடத்தில் உட்கார்ந்து, விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை ஊசி வந்து பார்த்துவிட்டுப் போனாள். மிஷின் நன்றாக ஓடுகிறது, உன் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை, மின்விசிறிக்குத்தான் பார்க்க ஆளில்லை என்றாள். சித்தி சிரித்தாள். அவள் போன பிறகு, "நல்லா ஓடுதாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எனக்கு மறுபடி கால் அரித்தது. ஒரு துறைமுக ஊரில் வேலை இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. பையைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். இந்த மனுஷியை இப்படி விட்டுவிட்டு எந்த அதிசயத்தைப் பார்க்கப் போகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் கை நின்றுவிடும்.

ஏழு மாதம் கழித்து ஒரு நண்பகலில் என் கைபேசி அதிர்ந்தது. சித்தி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரியிடமிருந்து செய்தி. படித்தேன். பிறகு முதலிலிருந்து, சத்தமாக, அவளுக்குப் படித்துக் காட்டினேன்:

"அக்காவுக்குப் படிச்சுக் காட்டு. ரெண்டு வாரமா புது மாதிரிக் கண்ணாடி ஏதோ கலந்து வருது, நாங்க யாரும் பாத்ததில்லை. வலைக்குச் சந்தேகம் வந்தா பெல்ட்டை மெதுவாக்கிட்டு ஒரு மனுஷரைக் கேக்கற மாதிரி வெச்சிருக்கேன். நேத்து மட்டும் நூத்திப் பதினாலு தடவை கேட்டுச்சு. ஊசி அக்கா மூணுக்குப் பதில் சொன்னாங்க, மூணும் தப்பு. இன்னைக்குக் காலையில மேலிடத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. கண்ணாடியைத் தொடாம, பெல்ட்டைப் பாத்த மாதிரி தடுப்புக்குப் பின்னாடி ஒரு இடம், நாலு பொத்தான். உக்கார நாற்காலி போடச் சொன்னேன், சார்தான் வேண்டாம்னார், அவங்க நின்னுதான் பாப்பாங்கன்னு. இப்போகூட பெல்ட் மெதுவாத்தான் போயிட்டு இருக்கு. எப்போ வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லு."